மீட்ட உயிரைக் கடலில் விடுதல்: ஒரு வழக்கத்தின் வரலாறு

கரையொதுங்கிய சீல், கடல் சிங்கம், திமிங்கிலம் போன்ற கடல் பாலூட்டிகளைத் தூக்கி வந்து, மருந்தும் உணவும் கொடுத்துத் தேற்றி, மறுபடி கடலில் விடும் வழக்கம் தோன்றி முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. அதற்கு முன் மணலில் கிடக்கும் சீல் என்றால் தோல், எண்ணெய், மீனவனுக்குப் போட்டி என்ற மூன்று எண்ணங்கள்தான். கலிபோர்னியக் கடல் நீர்நாயை அதன் மென்மயிருக்காக வேட்டையாடித் தீர்த்தார்கள். அந்த இனமே அழிந்துபோனதாக நினைத்திருந்தபோது, 1938-இல் பிக் சுர் கடலோரத்தில் ஏறக்குறைய ஐம்பது மட்டும் மிஞ்சியிருப்பது தெரியவந்தது. வேட்டைக்காரன் ஒதுங்கிய இடத்தில் மருத்துவர் வந்து நின்றார் என்று சொல்லலாம். ஆனால் குணப்படுத்துவதற்கும் கடலில் விடுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது பல உயிர்களை இழந்த பிறகே புரிந்தது.

தொடக்கம் ஐரோப்பாவின் வாடன் கடலில். நெதர்லாந்தின் டெக்செல் தீவில் 1952-இலேயே தாயைப் பிரிந்த சீல் குட்டிகளை எடுத்து வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். சீல் வேட்டை அங்கே தடைசெய்யப்பட்டது 1960-களின் தொடக்கத்தில். தடை வந்த பிறகும் எண்ணிக்கை ஏறவில்லை. ரைன் நதி கொண்டுவந்து கொட்டிய பிசிபி வகை வேதிக்கழிவு மீன் வழியாகச் சீல்களின் உடலில் சேர்ந்து அவற்றின் கருவளத்தைக் கெடுத்தது. 1970-களின் நடுவில் நெதர்லாந்துப் பகுதியில் எஞ்சிய சீல்கள் ஐந்நூறுக்கும் குறைவு. 1971-இல் பீட்டர்பியூரன் என்ற சிற்றூரில் லேனி டார்ட் என்ற பெண்மணி தம் வீட்டுத் தோட்டத்தில் சீல் காப்பகத்தைத் தொடங்கியபோது நிலைமை இதுதான். காப்பாற்றி விடும் ஒவ்வொரு குட்டியும் இனத்தின் கணக்கில் ஏறும் என்ற நம்பிக்கைக்கு அன்று முழு நியாயம் இருந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இதே ஆண்டுகளில் நடந்தது வேறு வகை. சான் டியாகோவின் சீவேர்ல்டு நிறுவனம் 1971 மார்ச்சில் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா உப்பங்கழியிலிருந்து ஒரு சாம்பல் திமிங்கிலக் கன்றைப் பிடித்துவந்தது. அது நோயுற்றதோ அநாதையோ அல்ல. ஆராய்ச்சிக்காகத் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. ஜீஜீ என்று பெயரிடப்பட்ட அந்தக் கன்று ஓராண்டில் தொட்டிக்கு அடங்காத அளவு வளர்ந்தது. அதன் தீனிக்குக் கணவாய் வாங்கியே மாளவில்லை. 1972 மார்ச் 13 அன்று, தென்கோடி உப்பங்கழிகளிலிருந்து திமிங்கிலங்கள் வடக்கே போகும் பருவத்தில், முதுகில் ரேடியோ கருவியைப் பொருத்தி சான் டியாகோவுக்கு அப்பால் விட்டார்கள். சில வாரங்கள் சமிக்ஞை வந்தது, பிறகு நின்றுபோனது. பிடித்த விதம் சரியல்ல. ஆனாலும் வலசைப் பருவம் பார்த்து விடுவது, கருவி பொருத்திப் பின்தொடர்வது என்ற இரண்டு பழக்கங்களும் இந்தத் துறைக்குள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கொல்வது மட்டுமன்றித் துன்புறுத்துவதும் குற்றமாயிற்று. கரையில் கிடக்கும் குட்டியை யாரும் வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது என்றால், அதைத் தூக்க உரிமம் பெற்ற ஒருவர் வேண்டும். 1975-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றில் கடல் பாலூட்டி மையம் அப்படித்தான் பிறந்தது. தொடக்கத்தில் அங்கே இருந்தவை குளிக்கும் தொட்டிகளும் குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் குளங்களும், தன்னார்வலர்களும். பின்னாளில் உலகிலேயே மிகப் பெரிய கடல் பாலூட்டி மருத்துவமனைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது.

அந்த மையத்தார் கடல் சிங்கங்களை விடும் முறையில் அன்றுமுதல் பெரிய மாற்றமில்லை. கூண்டுகளை வண்டியில் ஏற்றி ஆளரவம் குறைந்த கடற்கரைக்குக் கொண்டுபோவார்கள். முன் துடுப்பில் எண் பொறித்த அடையாளத் துண்டு இருக்கும். தன்னார்வலர்கள் ஆளுயரத்தில் பாதியளவு மரப்பலகைகளைக் கையில் பிடித்துக் கூண்டுக்கு இருபுறமும் வரிசையாக நிற்பார்கள். பலகைகளுக்கு இடையே கடலை நோக்கி ஒரு சந்து திறந்திருக்கும். கதவைத் தூக்கியதும் சில விலங்குகள் ஒரே ஓட்டமாக அலைக்குள் பாயும். சில திரும்பிப் பார்த்து நிற்கும். அப்போது யாரும் பேசுவதில்லை, தொடுவதில்லை, பலகை மட்டும் ஓர் அடி முன்னே நகரும். ஒன்றை மட்டும் தனியே விடாமல், ஒன்றாகத் தேறிய இரண்டு மூன்றைச் சேர்த்து விடுவதற்கே முயல்கிறார்கள்.

சீலுக்கும் கடல் சிங்கத்துக்கும் இந்த எளிய முறை பெரும்பாலும் போதும். சீல் குட்டி நான்கைந்து வாரங்களிலேயே பால்குடி மறந்து, தாயின்றித் தானே மீன் பிடிக்கப் பழகுவது. கடல் நீர்நாய் அப்படியல்ல. அந்த வேறுபாட்டை உலகுக்குக் காட்டியது ஒரு பெருவிபத்து. 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவின் பிரின்ஸ் வில்லியம் சவுண்டில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதியது. நீர்நாய்க்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. அடர்ந்த மயிருக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எண்ணெய் பட்டால் மயிர் ஒட்டிக்கொள்ளும், காற்று வெளியேறும், விலங்கு விறைக்கும். மயிரைக் கோத நாவைப் பயன்படுத்துவதால் எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும்.

வால்டெஸ், சீவார்டு ஊர்களில் அவசரமாக அமைத்த மையங்களுக்கு 357 நீர்நாய்கள் வந்தன. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பால் மணிக்கணக்கில் கழுவி, அலசி, உலர்த்தினார்கள். 197 பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. செய்தித்தாள்களில் அது வெற்றிக் கதையாக வந்தது. விடுவிக்கப்பட்டவற்றுள் 45 நீர்நாய்களின் உடலில் ரேடியோ கருவி வைத்திருந்தார்கள். எட்டு மாதங்களுக்குள் அவற்றில் 12 இறந்தன, 9 காணாமல் போயின. இறப்பின் வேகம் நலமான நீர்நாய்க் கூட்டத்தில் காணப்படுவதைவிட மிக அதிகம். பிழைத்த ஒவ்வொரு விலங்குக்கும் ஆன செலவு 80,000 டாலருக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். மையங்களில் நெருக்கமாக அடைத்திருந்தபோது பரவியிருக்கக்கூடிய நோயை எண்ணெய் படாத கூட்டத்துக்குள் கொண்டுவந்து விட்டோமோ என்ற அச்சமும் எழுந்தது. அன்று இரவு பகலாக உழைத்தவர்களின் கருணையை இந்த எண்கள் சிறிதும் குறைக்கவில்லை. விடுவித்த நாளை வெற்றியின் நாளாக எண்ணும் வழக்கத்தைத்தான் அவை முறித்தன. கருவி பொருத்தாமல் இருந்திருந்தால் 197 என்ற எண் மட்டுமே வரலாற்றில் நின்றிருக்கும்.

நோயச்சம் வெறும் கற்பனையும் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, 1988-இல், வட ஐரோப்பாவின் சீல்களை நாய்களின் டிஸ்டெம்பர் நோய்க்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் தாக்கியது. அதுவரை அறியப்படாத வைரஸ் அது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீல்கள் மடிந்தன. காப்பகங்கள் ஆய்வுக்கூடங்களாகவும் வேலைசெய்ய வேண்டிவந்தது. கடலில் விடும் முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு அந்தக் கோடைக்காலமும் ஒரு காரணம். 1992-இல் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தி, எந்த விலங்கை விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு வரையறை வகுக்கும்படி அரசுத் துறைகளுக்கு ஆணையிட்டது.

1997 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸின் மரீனா டெல் ரே அருகே பிறந்து சில நாள்களே ஆன சாம்பல் திமிங்கிலக் கன்று ஒதுங்கியது. ஏறத்தாழ நினைவிழந்த நிலை. லாரியில் சான் டியாகோவுக்குக் கொண்டுசென்று, அரைத்த மீனும் பாலேடும் கலந்த கஞ்சியைக் குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்தினார்கள். கரையோர விலங்கு மீட்பில் உழைத்து மறைந்த ஜூடி ஜோன்ஸ் நினைவாக ஜேஜே என்று பெயரிட்டார்கள். வளர்ச்சியின் உச்சத்தில் அதன் எடை மணிக்கு ஒரு கிலோ அளவில் கூடியது. பதினான்கு மாதங்களில் ஒன்பது மீட்டருக்கு மேல் நீளமும் எட்டு டன்னுக்கு மேல் எடையுமாயிற்று. சாம்பல் திமிங்கிலம் கடலடிச் சேற்றை உறிஞ்சிச் சிற்றுயிர்களை வடித்துத் தின்பது. அந்த வித்தையைத் தாயிடமிருந்து கற்க வாய்ப்பில்லாததால், தொட்டியின் தரையில் தீனியைக் கிடத்திப் பழக்கினார்கள். 1998 மார்ச் 31 அன்று அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பலில் ஏற்றி, கிரேனால் தூக்கி, பாயிண்ட் லோமாவுக்கு அப்பால் இறக்கினார்கள். வடக்கே போகும் கூட்டங்கள் அந்த வழியாகத்தான் செல்லும். அதன் உடலில் பொருத்தியிருந்த இரு ரேடியோ கருவிகளும் சில நாள்களிலேயே கழன்று விழுந்துவிட்டன. ஜேஜே என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற முயற்சி தொடங்கியது. கெய்கோ என்ற ஆண் ஓர்க்கா 1979-இல், இரண்டு வயதளவில், ஐஸ்லாந்துக் கடலில் பிடிக்கப்பட்டது. கனடா வழியாக 1985-இல் மெக்சிகோ நகரக் கேளிக்கைப் பூங்கா ஒன்றை அடைந்தது. வெதுவெதுப்பான நீர்த்தொட்டி, தோலில் புண்கள், செத்த மீன். 1993-இல் வெளிவந்த ‘ஃப்ரீ வில்லி’ படத்தில் சிறைமீளும் திமிங்கிலமாக நடித்தது அதுதான். படம் பார்த்த குழந்தைகள் அதன் உண்மை நிலையை அறிந்து கிளர்ந்தெழ, பணம் திரண்டது. 1996-இல் ஓரிகானுக்கு மாற்றி உடல் தேற்றினார்கள். 1998 செப்டம்பரில் ராணுவ விமானத்தில் ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்குக் கொண்டுசென்று, க்ளெட்ஸ்விக் விரிகுடாவில் வலையடைப்புக்குள் இறக்கினார்கள்.

பயிற்சியாளர்கள் அதை ஒரு படகைத் தொடரப் பழக்கி, ஆழ்கடலில் மேயும் ஓர்க்காக் கூட்டங்களின் அருகே அழைத்துப்போனார்கள். கெய்கோ தள்ளியே நின்றது. கூட்டம் மீனைச் சுற்றிவளைக்கும்போது அது விளிம்பில் மிதந்தது; அல்லது படகிடம் திரும்பியது. 2002 கோடையில் ஒருநாள் கிழக்கே புறப்பட்டு, மனிதத் துணையின்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, செப்டம்பர் தொடக்கத்தில் நார்வேயின் ஹால்சா கரையை அடைந்தது. மெலியவில்லை. வழியில் ஏதோ தின்றிருக்க வேண்டும். ஆனால் அங்குள்ள ஃபியோர்டில் அது தேடிப்போனது மீன்பிடிப் படகுகளை. சிறுவர்கள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். பராமரிப்பாளர்கள் மறுபடி வந்து தீனி போட்டார்கள். 2003 டிசம்பர் 12 அன்று நிமோனியாவால் இறந்ததாகக் கருதப்படுகிறது. தாக்னெஸ் கரையில் புதைத்தார்கள். உடல் கடலுக்குத் தகுதியாக இருந்தது. நடந்ததை ஆராய்ந்து பின்னர் எழுதியவர்கள், மிக இளம் வயதில் பிடிக்கப்பட்டதையும், நெடுங்காலம் இனத்தாரின் தொடர்பின்றி மனிதரோடே வாழ்ந்ததையும் தோல்விக்குக் காரணங்களாகக் கண்டார்கள். கெய்கோவின் குடும்பம் எது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கெய்கோ நார்வேயை நோக்கி நீந்திய அதே கோடையில், பசிபிக் கரையில் மற்றோர் ஓர்க்காவின் கதை நேரெதிராக நடந்தது. 2002 ஜனவரியில் சியாட்டிலுக்கு அருகே, கப்பல்கள் இடைவிடாது போய்வரும் நீர்வழியில், ஒன்றரை வயதுக் குட்டி தனியாகத் திரிவதைக் கண்டார்கள். தோல் உரிந்திருந்தது. மூச்சில் பெயின்ட் கரைப்பான் வாடை வந்தது. பட்டினியால் உடற்கொழுப்பு எரிவதன் அடையாளம் அது. படகுகளைக் கண்டால் வந்து உரசும். ஓர்க்காக்களின் ஒவ்வொரு குடும்பக் குழுவுக்கும் தனித்த குரல் வழக்கு உண்டு. குட்டியின் அழைப்பைப் பதிவுசெய்து, பல ஆண்டுகளாக வடக்கே ஓர்க்கா ஒலிகளைக் கேட்டுவருபவர்களிடம் கொடுத்தபோது, அது வான்கூவர் தீவின் வடபுறத்தில் வாழும் ஏ4 குழுவின் பேச்சு என்று அவர்கள் அடையாளம் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தில் ஏ45 என்ற தாயும் அவள் குட்டி ஏ73-உம் முந்தைய ஆண்டு திரும்பி வரவில்லை என்பது பதிவேட்டில் இருந்தது. 1970-களிலிருந்து கனடாவில் ஒவ்வோர் ஓர்க்காவையும் முதுகுத் துடுப்பின் படத்தோடு எண்ணிட்டுக் குறித்துவைத்த பொறுமைதான் இதைச் சாத்தியமாக்கியது.

ஸ்பிரிங்கர் என்று அழைக்கப்பட்ட அந்தக் குட்டியை ஜூன் 13 அன்று பிடித்து, மான்செஸ்டர் என்ற இடத்தில் கடலிலேயே வலைக்கூண்டில் வைத்தார்கள். குடற்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். உயிருள்ள சால்மன்களை விட்டார்கள். தீனியையும் மனிதனையும் அது சேர்த்து நினைக்கக்கூடாது என்பதால் ஆள்கள் முகம் காட்டுவதைக் கூடியவரை தவிர்த்தார்கள். ஒரு மாதம் போதுமானதாயிற்று. ஜூலை 13 அன்று வேகப் படகு ஒன்றின் மேல்தளத்தில் நீர்த்தொட்டி வைத்து, ஈரத்துணி போர்த்தி, ஒரே பகலில் ஜான்ஸ்டன் நீரிணைக்குக் கொண்டுபோனார்கள். ஹான்சன் தீவின் டாங்சாங் விரிகுடாவில் கூண்டு தயாராக இருந்தது. அந்தக் கடலின் பூர்வ குடிகளான நம்கிஸ் மக்கள் கூண்டுக்குச் சால்மன் பிடித்துக் கொடுத்து, தோணிகளில் வந்து வரவேற்றார்கள். அன்றிரவே குட்டி தொலைவில் போன ஓர்க்காக்களைக் கூவி அழைத்தது. மறுநாள் பிற்பகல் உறவுக்கூட்டம் விரிகுடா வாயிலுக்கு நெருங்கி வந்தபோது வலையைத் திறந்தார்கள்.

முதல் நாள்களில் கவலை தீரவில்லை. குட்டி பழைய பழக்கத்தில் படகுகளை நோக்கிப் போயிற்று. அப்போது ஏ51 என்ற இளம் பெண் ஓர்க்கா அதனோடு சேர்ந்துகொண்டு, படகுகளிடமிருந்து அதைத் தள்ளித் தள்ளி விலக்கியது. பயிற்சியாளர்களால் கெய்கோவுக்கு ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுக்க முடியாத பாடம் அது. அடுத்த ஆண்டு ஸ்பிரிங்கர் தன் கூட்டத்தோடு திரும்பி வந்தது. 2013-இல் ஒரு குட்டியோடும், 2017-இல் இரண்டாவது குட்டியோடும் காணப்பட்டது. மனிதர் பிடித்து வைத்திருந்து திருப்பிவிட்ட ஓர்க்கா ஒன்று காட்டுக் கூட்டத்தோடு கலந்து ஈன்றதற்குச் சான்று இது.

அதே காலத்தில் வான்கூவர் தீவின் மேற்கே நூட்கா சவுண்டில் லூனா என்ற மற்றொரு குட்டி தனியே இருந்தது. அதன் குடும்பமும் தெரியும். பிடித்துக் கூட்டத்தோடு சேர்க்க 2004 ஜூனில் அரசு முயன்றபோது, மறைந்த தங்கள் தலைவரின் ஆவியாக லூனாவைக் கருதிய மோவாச்சட்–முச்சலட் மக்கள் தோணிகளில் பாடியபடி அதை வேறுபக்கம் அழைத்துச் சென்றார்கள். முயற்சி கைவிடப்பட்டது. படகுகளோடே பழகிய லூனா 2006 மார்ச்சில் இழுவைக் கப்பல் ஒன்றின் விசிறியில் அடிபட்டு இறந்தது. ஸ்பிரிங்கரின் கரையில் பூர்வ குடிகள் கூடவே நின்றார்கள், லூனாவின் கரையில் அவர்களின் மனத்தை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்ற விமரிசனம் அன்றே எழுந்தது.

கூட்டத்தின் பிடி எத்தகையது என்பதைத் தமிழகக் கரையும் கண்டிருக்கிறது. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டவற்றில் பல மறுபடியும் கரைக்கே வந்தன. பாதிக்கு மேல் இறந்தன. ஒன்றையொன்று விட்டு விலகாத இனம் அது. கூட்டத்தில் சில கரையில் கிடக்கும்வரை மற்றவற்றைக் கடலுக்குள் நிறுத்துவது கடினம்.

தாய் கற்பிப்பதை மனிதன் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு நல்ல பதில் கலிபோர்னியாவின் மான்டரே பே அக்வேரியத்திலிருந்து வந்தது. அங்கே முதலில் பராமரிப்பாளர்களே அநாதை நீர்நாய்க் குட்டிகளை மார்பில் வைத்து, கடலில் கூடவே நீந்தி, சிப்பி உடைக்கப் பழக்கினார்கள். குட்டிகள் பிழைத்தன. ஆனால் வளர்ந்து கடலுக்குப் போன பின் மனிதரைத் தேடிவந்து துடுப்புப் படகுகளில் ஏறின. 2001-இல் முறையை மாற்றினார்கள். கடலுக்குத் திரும்ப முடியாத பெண் நீர்நாய் ஒன்றிடம் குட்டியை ஒப்படைத்தார்கள். தூலா என்ற நீர்நாய் முதல் வளர்ப்புத் தாயானது. மனிதர் அருகே போக வேண்டிவந்தால் கறுத்த அங்கி போர்த்து, வெல்டிங் முகமூடி அணிந்தே போனார்கள். இப்படி வளர்ந்த 37 நீர்நாய்களை 2002 முதல் 2016 வரை எல்க்ஹார்ன் கழிமுகத்தில் விட்டார்கள். அந்த ஆண்டுகளில் அங்கே பெருகிய நீர்நாய்த் தொகையில் பாதிக்கும் மேற்பட்ட வளர்ச்சி இவற்றாலும் இவற்றின் வாரிசுகளாலும் வந்தது என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நண்டு தின்னும் நீர்நாய்கள் கூடியதால் கழிமுகத்தின் கடற்புல்லும் தழைத்தது.

ஃப்ளோரிடாவின் மனாட்டி என்ற கடற்பசுக்களுக்கு வேறொரு பாடம் வேண்டும். நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அவை நோயுறும். குளிர்காலத்தில் எந்த வெதுவெதுப்பான ஊற்றுக்குப் போவது என்பதைக் கன்று தாயோடு போய்த் தெரிந்துகொள்கிறது. தொட்டியில் வளர்ந்த மனாட்டிக்கு அந்த வழி தெரியாது. ஆகவே அதைக் குளிர்காலத்தில், மற்ற மனாட்டிகள் கூடியிருக்கும் ஊற்றிலேயே விடுகிறார்கள். வால் அடியில் பட்டை கட்டி, அதில் மிதக்கும் கருவியை இணைக்கிறார்கள். கருவி எங்காவது சிக்கினால் அறுந்துபோகும்படி இணைப்பை மெலிதாக வைக்கிறார்கள்.

இப்படிச் சிதறிக் கிடந்த அனுபவங்களை அமெரிக்க அரசு 2009-இல் ஒரே விதித்தொகுப்பாக்கியது. விலங்கு தானே இரை பிடிக்கிறதா, கண்ணும் செவியும் வேலைசெய்கின்றனவா, ரத்தத்தில் தொற்று உண்டா, மருந்து நிறுத்திப் போதிய நாள் ஆயிற்றா, அடையாளம் பொருத்தியாயிற்றா, விடும் பருவமும் இடமும் அதன் இனத்தாருக்கு உரியவையா என்று கேள்விகள் நீளும். விடத்தக்கது, நிபந்தனையோடு விடத்தக்கது, விடத்தகாதது எனப் பிரிவுகள் உண்டு. ஆறு மாதங்களுக்குள் விட்டுவிட வேண்டும், விலக்கு வேண்டுமானால் மருத்துவர் காரணம் எழுத வேண்டும் என்பது பழைய விதி. விடத்தகாதது என்ற முடிவே மிகக் கடினமானது. 1998-இல் மான்டரே விரிகுடாவில் நானூறுக்கும் மேற்பட்ட கடல் சிங்கங்களைக் கொன்ற டோமோயிக் அமிலம் பாசியிலிருந்து நெத்திலி வழியாக வருவது. பிழைத்தவை பார்வைக்கு நலமாகவே இருக்கும், நன்றாகத் தின்னும். ஆனால் வழியை நினைவில் வைக்கும் மூளைப்பகுதி சுருங்கிப்போயிருக்கும். அப்படி விடப்பட்ட சில, கரையோர மேய்ச்சலிடங்களை விட்டு ஆழ்கடலுக்குள் திசைமாறிச் சென்றதைச் செயற்கைக்கோள் கருவிகள் காட்டின. மூளையைப் படமெடுத்துப் பார்த்த பிறகே முடிவெடுக்கும் பழக்கம் அதன்பின் வந்தது.

வழக்கம் பிறந்த வாடன் கடலிலோ கேள்வியே மாறிவிட்டது. வேட்டையும் வேதிக்கழிவும் குறைந்ததால் சீல்கள் மீண்டு ஆயிரக்கணக்கில் பெருகின. ஒரே கடலைப் பகிரும் டென்மார்க் ஒரு சீலையும் எடுத்து வளர்ப்பதில்லை. பலவீனமான குட்டி இறப்பது இயற்கையின் தேர்வு என்பது அதன் நிலை. நெதர்லாந்தின் காப்பகங்களோ ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகளை எடுத்தன. அவற்றுள் பல, தாய் இரைதேடப் போயிருந்த நேரத்தில் அழுத குட்டிகள். 2018-இல் அறிவியலாளர் குழு இதைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2020-இல் அரசும் காப்பகங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மணலில் தனியே கிடக்கும் குட்டியை உடனே தூக்குவதில்லை. பயிற்சி பெற்ற காவலர் தள்ளி நின்று 24 மணி நேரம் வரை கவனிக்கிறார். மக்கள் கூட்டத்தையும் நாய்களையும் விலக்கி வைக்கிறார். தாய் திரும்பி வராவிட்டால்தான் கூண்டு வரும்.